இருபது பாலைக்கொட்டைகளும் நான் சொல்லாத பதிலும்

1

சென்ற கிழமை மகனுக்குப் பாடசாலைச் சேர்ப்புப் பரிசோதனை நடந்தது. ஜெர்மனியில் பிள்ளையை முதலாம் வகுப்புக்கு அனுப்புவதற்கு முன் நகரசபை வைத்தியர் ஒருவர் அவனைப் பார்த்து, இவன் பள்ளிக்கூடம் போகத் தகுதியானவன் என்று எழுதித் தரவேண்டும். நிலவன் ஒற்றைக்காலில் துள்ளினான். நிறங்களைச் சொன்னான். வீடு கீறச் சொன்னார்கள். நாலு மாடிக் கட்டடம் ஒன்றைக் கீறி, அதற்கு முன்னால் குப்பைத் தொட்டிகள் மூன்றையும் சரியான நிறங்களில் வரிசையாகக் கீறினான். வைத்தியர் தொட்டிகளுக்காகத் தனியாகப் பாராட்டினார்.

அவனுடைய சோதனை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. என்னுடையது முடியவில்லை. தாய் நிரப்பவேண்டிய படிவம் நாலு பக்கம். எத்தனை மாதத்தில் நடந்தான், எப்போது முதற்சொல் சொன்னான், எந்த மொழியில் சொன்னான். இடையில் ஒரு கேள்வி: பிள்ளை எப்போதாவது மூன்று மாதத்துக்கு மேல் தாயைப் பிரிந்து இருந்ததா? ஓம், இல்லை என்று இரண்டு சதுரங்கள்.

விடை 'இல்லை'. அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரத்தைக் கவனித்த எழுதுவினைஞர், மொழி விளங்கவில்லையா என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார். விளங்குகிறது என்றேன். அப்படியென்றால் இரண்டில் ஒன்று என்றார். பிரிய இருந்து கடைசி நேரத்தில் பிரியாமல் போனவர்களுக்கு அந்தப் படிவத்தில் சதுரம் இல்லை.

"அம்மா, நீ பெயிலா?" என்று நிலவன் கேட்டான். அவனுக்கு உலகத்தில் எல்லாரும் 'நீ'. ஊரில் தாயை அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே நான் அதைத் திருத்துவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. தமிழில் கேட்டானே என்று விட்டுவிடுகிறேன். விட்டது சரியா என்று பிறகு யோசிக்கிறேன்.

'இல்லை' என்ற சதுரத்தில் புள்ளடி போட்டேன்.

2

பல்கலைக்கழகத்தில் நான் என்ன செய்கிறேன் என்று ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "அரசியல் படிக்கிறாவாம்" என்று கேள்விப்பட்ட என் மாமி, "அதுக்குப் படிப்பும் இருக்கோ?" என்று கேட்டாராம். இருக்கிறது. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற அரசியல். என் பகுதி, போர்நிறுத்தங்கள்: எந்த நாட்டில் எவ்வளவு காலம் நிற்கின்றன, ஏன் முறிகின்றன.

இதற்குப் பேய்சியன் என்ற ஒரு புள்ளிவிபர முறையைப் பயன்படுத்துகிறேன். என் கணவர் கேதீஸ் அதைப் பேய்க்கணக்கு என்பார். அவர் பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய கணக்கு மாலையில் முடிந்துவிடும்.

முறை கடினமானது அல்ல. ஒரு மூட்டை நெல்லில் பதர் எவ்வளவு என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பார்ப்போம். சந்தேகம் என்றால் இன்னொரு பிடி. வழக்கமான புள்ளிவிபரவியல் இப்படித் திரும்பத் திரும்ப அள்ளலாம் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. நாடுகளை அப்படி அள்ள முடியாது. போர்நிறுத்தம் செய்த நாடுகள் உலகத்தில் இவ்வளவுதான். மூட்டையை ஏற்கெனவே மேசையில் கொட்டியாயிற்று. இன்னொரு பிடி இலங்கை கிடைக்காது. கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள்.

ஆகவே வேறு வழியாகத் தொடங்குகிறோம். தரவைப் பார்ப்பதற்கு முன் நீ என்ன நம்புகிறாய், எவ்வளவு உறுதியாக நம்புகிறாய் என்பதை எண்ணாக எழுதிவை. பிறகு ஒவ்வொரு சான்றாகப் பார். ஒவ்வொன்றும் உன் நம்பிக்கையைக் கொஞ்சம் அங்கே இங்கே தள்ளும். முடிவில் எங்கே வந்து நிற்கிறாயோ அதுதான் விடை, அடுத்த சான்று வரும்வரை. முக்கியமானது முதலில் எழுதுவது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லும் எங்கள் ஆட்களுக்கு ஒத்துவராத முறை.

நாடுகள் குறைவாக இருக்கும்போது அந்த முதல் நம்பிக்கைக்குப் பாரம் கூட. அதை வானத்தில் இருந்து எடுக்கக் கூடாது என்பது என் பேராசிரியை உல்ரிக்கவின் பிடிவாதம். அந்தந்த இடத்தில் இருப்பவர்களிடம் கேள் என்றார். எண்ணாகக் கேட்டால் மக்கள் தடுமாறுவார்கள் என்பதற்காக ஒரு வழி இருக்கிறது. ஒரு அட்டையில் சில பெட்டிகளைக் கீறி, ஆளின் கையில் இருபது வில்லைகளைக் கொடுப்பது. எது நடக்கும் என்று கூடுதலாக நம்புகிறாரோ அந்தப் பெட்டியில் கூடுதலான வில்லைகளை வைப்பார். எண்ணுவது எங்கள் வேலை.

2005இல் என்னை வன்னிக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார். போர்நிறுத்தத்தால் வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். நானும் ஒரு ஒழுங்கு செய்திருந்தேன். நிலவனுக்கு அப்போது இரண்டு வயது. இங்கே பிள்ளை பராமரிப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடும். புலமைப்பரிசில் இன்னும் ஒரு வருடத்தில் முடிய இருந்தது. அவனை அக்கராயனில் என் அம்மாவோடு ஒரு வருடம் விட்டுவிட்டு வந்து ஆய்வை எழுதி முடிப்பது என்று கேதீசும் நானும் தீர்மானித்தோம். எங்கள் ஆட்களில் பலர் அப்படி விட்டிருக்கிறார்கள். அம்மா போனிலேயே அழுது சம்மதித்தார். அவனுக்கு அப்போதைய அளவிலும் அடுத்த அளவிலும் உடுப்புகள் வாங்கினேன். பெட்டியில் பாதிக்கு மேல் அடுத்த அளவுதான்.

3

உல்ரிக்க தந்த பிளாஸ்டிக் வில்லைகளை நான் கொண்டுபோகவில்லை. நிலவன் விழுங்கிவிடுவான் என்று பயந்தேன். அக்கராயனில் பாலைப்பழக் காலம். முற்றம் முழுக்கக் கொட்டைகள். மண்ணிறமாக, மினுக்கமாக, வில்லையைவிட வடிவாக இருந்தன. இருபதைக் கழுவி எடுத்தேன். அவற்றையும் அவன் விழுங்கலாம் என்பது மூன்றாவது வீட்டில்தான் எனக்கு உறைத்தது. எண்ணிப் பார்த்தேன். இருபதும் இருந்தன.

ஊருக்குள் இப்படிக் கேட்டுத் திரிவதற்கு ஒரு கந்தோரில் அனுமதி எடுக்கவேண்டும். அங்கே கதிரையில் இருந்தவர் என் மனிலா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, தாயமோ?"

"தாயம் மாதிரித்தான்" என்றேன்.

"சரி. விளையாடுங்கோ."

நாலு பெட்டிகள்: இந்த வருடம், அடுத்த வருடம், ஐந்து வருடத்துக்குள், அதற்குப் பிறகு அல்லது ஒருபோதும் இல்லை. கேள்வியை எல்லா வீட்டிலும் ஒரே சொற்களில் வாசிக்கவேண்டும்: "போர்நிறுத்தம் எப்போது முறியும் என்று நினைக்கிறீர்கள்?"

முதல் வீடு எங்களுடையது. அப்பா போன பிறகு வயலையும் இரண்டு மாடுகளையும் அம்மாதான் பார்க்கிறார். கேள்வியை வாசித்து முடிக்க முதல் என் கையைத் தட்டினார்.

"பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்தில வாயில நல்லதா ஒண்டும் வராதோ உனக்கு?"

"அம்மா, இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியெண்டா பல்லி கேக்காதோ?"

புறங்கையால் அரிசி ஒதுக்குவதுபோல இருபது கொட்டைகளையும் கடைசிப் பெட்டிக்குள் தள்ளினார்.

"உண்மையா நினைக்கிறதை வையுங்கோ அம்மா."

"நினைக்கிறதை ஏன் வைக்கவேணும்? நினைச்சாக் காணாதோ?"

தங்கச்சி சுதா குசினி வாசலில் நின்று சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, முதற்பெட்டியை வெட்டி எறியுங்கோ. ஒருத்தரும் அதுக்குக் கிட்ட வரமாட்டினம்" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. பக்கத்து வளவு கந்தையா அண்ணை இருபதையும் கடைசிப் பெட்டியில் ஒவ்வொன்றாக, சாமிக்குப் பூ வைப்பதுபோல வைத்தார். வைத்துவிட்டு, "இது எங்க போகும் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஜெர்மனிக்கு."

"அங்க மட்டும்தானோ?"

"அங்க மட்டும்தான்."

"அப்ப சரி. என்ர பேரைப் பிழையில்லாமல் எழுது."

பதினொரு வீடுகளுக்குப் போனேன். பதினொரு வீட்டிலும் இருபதும் கடைசிப் பெட்டியில். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு உறுதியான நம்பிக்கையை நான் கண்டதில்லை. வாயால் சொன்னது வந்துவிடும் என்பது எங்கள் வழக்கம் என்றும், கையால் வைப்பதும் சொல்வதுதான் என்று சனம் எடுத்துக்கொள்ளும் என்றும், அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அந்த அட்டையைக் கீறியதே நான்தான்.

4

பன்னிரண்டாவது ஆள் ரஹீம் நானா. மோட்டார் சைக்கிளில் வவுனியாவில் இருந்து துணியும் பிளாஸ்டிக் சாமானும் கொண்டுவந்து விற்பவர். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியே போகச் சொன்னபோது போனவர். பாதை திறந்த பிறகு வியாபாரத்துக்கு மட்டும் திரும்பி வந்திருந்தார். நிலவனுக்கென்று அம்மா அவரிடம் மூன்று சில்லுச் சைக்கிள் சொல்லிவைத்திருந்தார். அதைக் கொண்டுவந்த அன்று அவரையும் கேட்டேன்.

அவர் கொட்டைகளை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து ஐந்தாக வைத்தார்.

"எல்லாத்திலயும் அஞ்சு. சரியோ தங்கச்சி?"

"எது கூடுதலா நடக்கும் எண்டு நினைக்கிறியளோ அதில கூட வைக்கலாம் நானா."

"எங்களைப் போகச் சொன்ன கிழமை நான் கடைக்குப் புதுக் கூரை போட்டுக்கொண்டிருந்தனான். ஓடு. கடைசி வரி இன்னும் போடேல்ல." சைக்கிளின் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். "என்ர நினைப்பை நம்பிப் படிப்பை வைக்காதையுங்கோ."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று மனிதர் ஒருவர் நேர்மையாகச் சொல்லும்போது எண்கள் இப்படித்தான் தட்டையாக இருக்கும். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அது. அவர் அந்த ஊரில் வசிப்பவர் அல்ல என்பதால் விதிப்படி அதைச் சேர்க்க முடியவில்லை.

அவர் கூரை என்று சொன்ன பிறகுதான் நான் கூரைகளைப் பார்த்தேன். போர்நிறுத்தம் வந்து மூன்று வருடம் கழிந்திருந்தது. வெளிநாட்டுக் காசும் கொஞ்சம் வந்திருந்தது. சுவர்கள் சீமெந்தாகியிருந்தன. ஆனால் நான் போன பதினொரு வீட்டில் ஒன்பது தகரம். கந்தையா அண்ணையின் மகன் கனடாவில்.

"ஓடு போடேல்லையோ அண்ணை?"

"ஓட்டைக் கழட்டிக்கொண்டு ஓடேலுமோ பிள்ளை? தகரமெண்டா மடக்கி உழவு மெசினில ஏத்தலாம்."

இதைச் சொன்னவர்தான் முதல்நாள் இருபதையும் கடைசிப் பெட்டியில் வைத்தவர். இரண்டுக்கும் இடையில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. கை வைத்தது ஆண்டவனுக்கு. தகரம் தனக்கு.

குறிப்புப் புத்தகத்தில் வீட்டு இலக்கங்களுக்குப் பக்கத்தில் கூரையையும் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, நான் கேட்க வந்த கேள்விக்கு வேறொரு பதில் அந்த வரிசையில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்கள் எங்க வைப்பியள் அக்கா?" என்று சுதா ஒருநாள் கேட்டாள். அட்டை மேசையில் கிடந்தது. நிலவன் முற்றத்தில் மூன்று சில்லுச் சைக்கிளில் மாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

"ஆராய்ச்சி செய்யிற ஆள் வைக்கக்கூடாது."

"ஆர் பாக்கினம்? சும்மா வையுங்கோ."

"விதி அப்பிடி."

அப்படி ஒரு விதி இல்லை.

5

கேதீசுக்குக் கிளிநொச்சியில் இருந்து போன் எடுத்தேன். தகரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உம்மட ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

"எல்லாரும் கடைசிப் பெட்டியிலதான் வைச்சவை."

"அப்ப பிறகென்ன? உம்மட ஆராய்ச்சியை நீரே நம்பாட்டி வேற ஆர் நம்புறது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. தகரத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஓடு வெக்கை குறைவு, ஆனால் மரம் கூடத் தேவை. மரம் விலை. நான் பயந்த சுபாவம். பால் சூடா என்று மூன்று தரம் பார்ப்பவள். பயந்தவள் கூரையைப் பார்த்தால் கூரையும் பயந்துதான் இருக்கும். இந்த வகையாக நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் கிணற்றடியில் நிலவனைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றபோது, இவனை விட்டுவிட்டுப் போனால் ஒவ்வொரு காலையும் நான் முதலில் எதைப் பார்ப்பேன் என்று நினைத்தேன். ஊர்ச் செய்தியை. அப்படியென்றால் என் இருபதும் எங்கே இருந்தன என்று தெரிந்துபோயிற்று. இரண்டாவது பெட்டியில் ஏறக்குறைய எல்லாம்.

அதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். 'அம்மா, சண்டை வரும் என்று நினைக்கிறேன். அதனால் பிள்ளையை விடவில்லை.' இரண்டு வசனம். நான் படித்த படிப்பால் அந்த வீட்டுக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

என் பையில் வெளிநாட்டவர் கந்தோரின் கடிதம் ஒன்று இருந்தது. பிள்ளை ஒரு வருடம் வெளியே நின்றாலும் விசா செல்லும் என்று, நான் வெளிக்கிட முதலே, மூன்று தரம் அலைந்து வாங்கிய கடிதம். அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, இவனை விடேலாதாம். ஆறு மாதத்துக்கு மேல வெளிய நிண்டால் விசாவை வெட்டுவினமாம்."

அம்மா கடிதத்தின் முத்திரையைப் பார்த்தார். ஜெர்மன் எழுத்தில் அவருக்கு முத்திரை மட்டும்தான் விளங்கும்.

"அப்ப ஆறு மாதம் விடு."

இதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

"ஆறு மாதத்தில வந்து கூட்டிக்கொண்டு போக எனக்கு லீவு தரமாட்டினம்."

"கேதீசை அனுப்பு."

"அவருக்கும் தராயினம்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்துத் திருப்பித் தந்தார். "சரி" என்றார். உள்ளே போய் நிலவனின் உடுப்புகளை அலுமாரியில் இருந்து எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். "பெரிய உடுப்பை அடியில வைக்கிறன்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் அழாதது மட்டும் எனக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

6

பல்கலைக்கழகத்துக்கு நிலவனையும் தூக்கிக்கொண்டு போனேன். உல்ரிக்க அவனைப் பார்த்து, "இவரை அங்கே விட்டுவருவதாகச் சொன்னீர்களே?" என்றார்.

"மனம் மாறிவிட்டேன்."

"எந்தத் தரவின் அடிப்படையில்?"

பகிடிக்குக் கேட்கவில்லை. அவர் அப்படித்தான் கேட்பார். தகரம் என்றேன். விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, கூரை கேள்விக்கொத்தில் இல்லாததால் அதை அடிக்குறிப்பில் போடச் சொன்னார். போட்டேன். பதினொரு வீட்டின் உறுதியான நம்பிக்கை அத்தியாயத்தின் உடலில் இருக்கிறது. ஒன்பது தகரக் கூரைகள் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. ஆய்வு இன்னும் முடியவில்லை. புலமைப்பரிசில் முடிந்துவிட்டது.

அடுத்த தையில் சுதாவுக்குக் கலியாணம் என்று அம்மா போனில் சொன்னார். மாப்பிள்ளை தவராசா. வவுனியாப் பக்கம், அரசாங்கப் பகுதியான பூவரசங்குளத்தில் அரிசி ஆலையில் மெசின் பார்க்கிறவர். சுதாவைவிடப் பதினான்கு வயது கூட. நான் கத்தினேன்.

"என்ன அவசரம் அம்மா? அவள் ரீச்சர் ரெயினிங்குக்குப் போடப்போறன் எண்டவள்."

"குணமான பொடியன்."

"பொடியனோ? முப்பத்தேழு வயது!"

"உனக்கு ஜெர்மனியில இருந்து வயது நல்லாத் தெரியுது" என்றார் அம்மா. "சாறிக்கு நிறம் சொல்லு."

கலியாணம் முடிந்து ஏழு மாதத்தில், ஆவணியில், சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வன்னியில் கலியாணமாகாத பிள்ளை இருந்த வீடுகளில், சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எப்படி இருந்தது என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே தமிழ்ப் பாடசாலை வாசலில் நிற்கும் தாய்மார் என்னைக் கண்டால், "நல்லகாலம் பிள்ளையைக் கொண்டுவந்தனீர். உமக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்பார்கள். அப்படியில்லை என்று விளக்கப் பார்ப்பேன். ஒரு தரம் நடந்ததை வைத்து முன்பு நினைத்தது சரி என்று சொல்ல முடியாது, மழை வந்துவிட்டதால் மட்டும் குடை கொண்டுபோனவர் கெட்டிக்காரர் ஆகமாட்டார் என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

இந்த ஐப்பசியில் இராணுவம் நெருங்க அக்கராயனில் இருந்து சனம் முழுக்க வெளிக்கிட்டது. அம்மா மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு விசுவமடுவுக்குப் போய், யாரோ ஒருவருடைய வளவில் தறப்பாள் கட்டி இருக்கிறார்.

7

ஞாயிற்றுக்கிழமைகளில் சுதாவுக்குப் போன் எடுப்பேன். அவளுக்கு இப்போது ஒரு வயதில் மகள். தவராசா நல்ல மனுசன் என்றும் கதைக்கமாட்டார் என்றும் சொல்வாள். கேட்கும் நாளைப் பொறுத்து வசனத்தின் முதற்பாதி கனக்கும், அல்லது மற்றப்பாதி.

இந்த ஞாயிறு அந்தப் படிவத்தைப் பற்றிப் பகிடியாகச் சொன்னேன். மூன்று மாதம் பிரிந்ததா என்ற கேள்வியில் நான் முழித்துக்கொண்டு இருந்ததையும், நிலவன் பெயிலா என்று கேட்டதையும். சுதா சிரித்தாள். பிறகு, "அண்டைக்கு அந்த விசாக் கடிதத்தை நீங்கள் காட்டினது எனக்கு நல்ல ஞாபகம்" என்றாள்.

"பாவம் அம்மா. நம்பிட்டா."

மறுபக்கத்தில் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அம்மா நம்பேல்ல."

"என்ன?"

"நீங்கள் அந்தக் கடிதத்தோடதானே வந்தனீங்கள். விடேலாது எண்டு கடிதம் வந்திருந்தால், ஆர் ஒரு வருசத்து உடுப்பைக் காவிக்கொண்டு வருவினம்? நீங்கள் வெளிக்கிட்டுப் போன பிறகு அம்மா என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டவா. 'கொக்கா இஞ்ச வந்து எதையோ பாத்திட்டாள். பிள்ளையை இஞ்ச விடப் பயந்திட்டாள். அவள் விடாத இடத்தில நான் உன்னை வைச்சிருக்கேலாது' எண்டவா. அடுத்த கிழமை புரோக்கரிட்டப் போனவா."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ர கலியாணம் உங்கட ஆராய்ச்சியால வந்தது. புத்தகத்தில எங்கேயாவது போடுங்கோ" என்றாள். சிரித்தாள். முழுச் சிரிப்பு அல்ல.

"ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்ல?"

"நீங்கள் சொன்னனீங்களோ?"

வேறு கேள்வி கேட்டேன். "அப்ப ஏன் அம்மா உன்னோட வெளிக்கிடேல்ல? அவாவும் வந்திருக்கலாம்தானே."

"என்னெண்டு வாறது? வெளிய போக எனக்கு இயக்கத்திட்டப் பாஸ் வேணும். பாஸுக்குப் பிணை வேணும். வீட்டில ஒரு ஆள் உள்ளுக்க நிண்டு கையெழுத்து வைச்சால்தான் மற்ற ஆளை விடுவினம். எங்கட வீட்டில ரெண்டு பேர்தானே இருந்தது அக்கா."

அம்மா எங்களுக்காக என்ன செய்தார் என்று கேட்டால் நிலவனைப் பார்க்கச் சம்மதித்தார் என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லியிருப்பேன். சுதா போனை வைத்தாள். நான் மூன்று வருடத்துக்கு முன் வாயைத் திறந்திருந்தால் மூன்று பேரும் சேர்ந்து வேறு வழி ஏதும் யோசித்திருக்கலாம். யோசித்தும் அம்மா இதையேதான் செய்திருக்கலாம். இதற்கு இன்னொரு பிடி அள்ளிப் பார்க்க முடியாது என்பதை நான் மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறேன்.

புதன்கிழமை விசுவமடுவில் இருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. கடை ஒன்றில் வரிசையில் நின்று எடுப்பார். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். வழக்கமாக அவர் நிலவன் சாப்பிட்டானா என்று கேட்பார், நான் சாப்பிட்டான் என்பேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்பேன், சாப்பிட்டேன் என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பியதாக வைத்துவிடுவோம். அன்று அவர் தொடங்க முதல் நான் தொடங்கினேன்.

"அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இது இன்னும் மோசமாகும். நிக்காது. சனம் இன்னும் கிழக்க போகப்போகுது. கடற்கரைப் பக்கம் போய் முடக்குப்பட்டால் பிறகு திரும்பேலாது. எனக்கு அப்பிடித்தான் தெரியுது. எப்பிடியாவது வெளிய வரப் பாருங்கோ. ஏலாட்டி முடிஞ்ச அளவுக்குப் பின்னுக்கு நில்லுங்கோ."

சொல்லும்போது என் குரல் அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது. அம்மாவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் நேரமாகுது என்று சொல்வது கேட்டது.

"எவ்வளவு நிச்சயமாச் சொல்லுறாய்?" என்று அம்மா கேட்டார்.

"இருபதுக்குப் பதினெட்டு."

அம்மா கையைத் தட்டவில்லை. தட்டக்கூடிய தூரத்திலும் நான் இல்லை. நல்லதாக ஒன்றும் வாயில் வராதா என்றும் கேட்கவில்லை.

"பிணைக்குக் கையெழுத்து வைச்ச ஆளை வெளிய விடமாட்டினம். அது உனக்கு இப்பதான் தெரியும்போல" என்றார். "பின்னுக்கு நிக்கலாமோ எண்டு பாக்கிறன். சனம் போற பக்கம்தான் தண்ணியும் அரிசியும் போகும். அதையும் உன்ர கணக்கில சேர்."

"ஓம் அம்மா."

"மூண்டு வருசம் வைச்சிருந்து இண்டைக்குச் சொல்லிப்போட்டாய். நல்லது." மூச்சு விடுவது கேட்டது. "இனி அவனிட்டக் குடு. ரெண்டு நிமிசம்தான் கிடக்கு."

கொடுத்தேன்.